கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றித் தோட்டம் அமைத்தல்

கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றித் தோட்டம் அமைத்தல் என்பது, வீட்டு மனையில் மண்ணுக்கு அடியில் உள்ள கழிவுநீர்த் தொட்டி (பேச்சு வழக்கில் செப்டிக் டாங்க்), உறிஞ்சுகுழி, கசிவு அகழி ஆகியவற்றின் மீதும் அவற்றை ஒட்டியும் உள்ள நிலத்தில் செடிகொடிகள், புல்தரை, நடைபாதை முதலியவற்றைத் திட்டமிட்டு அமைப்பதாகும். மற்ற தோட்டங்களில் மண்ணின் மேற்பரப்பைக் கருதினால் போதும். இங்கு மண்ணுக்குக் கீழே நாள்தோறும் நடைபெறும் ஒரு பணியையும் கருத வேண்டியுள்ளது. தொட்டியின் மூடியை எளிதில் அடைய முடிதல், உறிஞ்சு நிலம் காற்றோட்டத்துடன் இருத்தல், குழாய்களுக்குள் வேர் புகாதிருத்தல், அருகிலுள்ள கிணறு மாசுபடாதிருத்தல் ஆகிய நான்கும் இத்தகைய தோட்டத்தின் அடிப்படைத் தேவைகள் ஆகும்.

புதுச்சேரி நகரின் பழைய பகுதிகளில் பாதாளச் சாக்கடை உள்ளது. எனினும் நகரை ஒட்டி விரிந்துள்ள குடியிருப்புகளில் பல வீடுகள் சொந்தக் கழிவுநீர்த் தொட்டியுடன் கட்டப்பட்டவை ஆகும். கடற்கரை மணல், உயர்ந்த நிலத்தடி நீர், குறுகிய மனைகள், வடகிழக்குப் பருவமழை ஆகியவை ஒன்றுசேரும் இந்நகரம், இப்பொருளை விளக்குவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகிறது.

வரலாறு

கழிவுநீர்த் தொட்டியின் தோற்றம் பிரான்சு நாட்டுடன் தொடர்புடையது. 1860 அளவில் அந்நாட்டின் வெசூல் நகரைச் சேர்ந்த சான் லூயி மூராசு, வீட்டுக் கழிவுநீர் முழுவதும் ஒரு மூடிய தொட்டிக்குள் சென்று, பின் அதிலிருந்து வழிந்து வெளியேறும் அமைப்பைக் கட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின் அதனைத் திறந்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான திடப்பொருளே அதில் தேங்கியிருந்தது. காற்றில்லாத நிலையில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைப்பதே இதற்குக் காரணம் ஆகும். 1881 ஆம் ஆண்டு இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெறப்பட்டது. இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்டு கேமரன் 1895 இல் இதைப் போன்ற தொட்டியை அமைத்து, அதற்குச் செப்டிக் தொட்டி என்று பெயரிட்டார். செப்டிக் என்னும் சொல் அழுகுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

தமிழகத்துப் பழைய வீடுகளில் கிணற்றடி நீரும் குளியல் நீரும் கொல்லைப்புறத்து வாழைக்கும் தென்னைக்கும் பாய்வது வழக்கம். சாம்பல், சீயக்காய் கலந்த அந்நீரில் மலக்கழிவு கலப்பதில்லை. வீட்டினுள் நீர்க்கழிப்பறை வந்தபின் இரு நீரும் பல வீடுகளில் ஒரே குழாயில் சேர்ந்தன. கொல்லையில் வாழை நடும் பழக்கம் தொடர்ந்தது. ஆனால் பாயும் நீரின் இயல்பு மாறிவிட்டது. இந்த வேறுபாட்டை உணராமல் தொட்டி நீரைப் பழைய கிணற்றடி நீரைப்போல் பயன்படுத்துவது நோய்க்கு வழிவகுக்கும்.

செயல்படும் விதம்

வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் தொட்டிக்குள் ஏறக்குறைய அசைவின்றித் தங்குகிறது. கனமான பொருட்கள் அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய், கொழுப்பு போன்ற இலேசான பொருட்கள் மேலே படலமாக மிதக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கலங்கல் நீர், மறுமுனையிலுள்ள குழாய் வழியாக வெளியேறுகிறது. மேற்படலம் அந்நீருடன் செல்லாதபடி வாயிலில் தடுப்பு அல்லது "டி" வடிவக் குழாய் பொருத்தப்படும்.

தொட்டியை விட்டு வெளிவரும் நீர் தூய்மையான நீர் அன்று. அதில் நோய்க்கிருமிகளும், குடற்புழுக்களின் முட்டைகளும், கரைந்த நைட்ரசன் சேர்மங்களும் உள்ளன. எஞ்சிய சுத்திகரிப்பு மண்ணில்தான் நடைபெறுகிறது. உறிஞ்சுகுழி அல்லது கசிவு அகழி வழியாக மண்ணுக்குள் இறங்கும் நீரை மண்துகள்கள் வடிகட்டுகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் துணையுடன் மாசுகளைச் சிதைக்கின்றன. எனவே உறிஞ்சு நிலத்தின் மேல்மண் இறுகிப்போவதும், சிமெண்டால் மூடப்படுவதும், மழைநீரில் ஊறிக் கிடப்பதும் சுத்திகரிப்பைக் குறைக்கும். அந்நிலத்தின் மீது எதை வளர்க்கலாம், எதைக் கட்டலாம் என்பது அழகுணர்ச்சியால் மட்டும் முடிவு செய்யத்தக்கது அன்று என்பதற்கு இதுவே காரணம் ஆகும்.

புதுச்சேரியின் நிலமும் நீரும்

புல்வார்கள் எனப்படும் சுற்றுச்சாலைகளுக்கு உட்பட்ட பழைய நகரம், பெரிய வாய்க்காலால் கிழக்கே பிரெஞ்சுக் குடியிருப்பாகவும் மேற்கே தமிழ்க் குடியிருப்பாகவும் பிரிந்துள்ளது. பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் உயர்ந்த மதிலுக்குள் முற்றத் தோட்டம் காணப்படும். தமிழ்ப் பகுதி வீடுகள் திண்ணை, தாழ்வாரம், முற்றம், கொல்லை என நீண்டு, பக்கத்து வீட்டுடன் சுவர் ஒட்டி அமைந்தவை. இரு வகையிலும் திறந்த மண் மிகக் குறைவு. புறநகர் மனைகளில் சிறிது இடம் இருப்பினும், அதிலேயே ஆழ்துளைக் கிணறு, மழைநீர் சேகரிப்புக் குழி, கழிவுநீர்த் தொட்டி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய நான்கும் அமைய வேண்டியுள்ளது.

புதுச்சேரியின் குடிநீர்த் தேவை பெரும்பாலும் நிலத்தடி நீரையே சார்ந்துள்ளது. கடலோரப் பகுதிகளில் அந்நீரில் உப்பு கலக்கும் சிக்கலும் உண்டு. மண்ணின் இயல்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கடற்கரையை ஒட்டி மணலும், கோரிமேடு, லாசுப்பேட்டை போன்ற மேட்டுப் பகுதிகளில் செம்மண்ணும், சங்கராபரணி ஆற்றை ஒட்டி வண்டலும் காணப்படுகின்றன. மணலில் நீர் மிக விரைவாக இறங்குவதால் வடிகட்டப்படும் முன்பே நிலத்தடி நீரைச் சேரக்கூடும். களிமண்ணில் நீர் இறங்காமல் மேலே தேங்கும். இரண்டிலும் தோட்டம் ஒரே முறையில் அமைய இயலாது.

இடைவெளிகள்

இந்தியத் தர நிறுவனம் வெளியிட்டுள்ள ஐ.எசு. 2470 என்னும் நெறிமுறை (இரு பகுதிகள், 1985) கழிவுநீர்த் தொட்டிக்கும் அதன் நீரை மண்ணில் விடுவதற்கும் அளவுகளைத் தருகிறது. அவற்றுள் தோட்டத் திட்டத்துக்குத் தேவையானவை:

- உறிஞ்சுகுழி அல்லது கசிவு அகழி, கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும்.
- குடியிருக்கும் கட்டடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும்.
- தொட்டியின் குறைந்த அளவு கொள்ளளவு 1000 லிட்டர். அகலம் 75 செ.மீ.; நீரின் ஆழம் 1 மீட்டர்; நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு.
- காற்றுப்போக்கிக் குழாயின் விட்டம் குறைந்தது 50 மி.மீ.; அதன் வாயில் கொசு புகாத வலை. தொட்டி கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் இருப்பின் குழாய் கட்டட உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும்.

புதுச்சேரியின் சிறிய மனைகளில் 18 மீட்டர் இடைவெளி கிடைப்பது அரிது. தன் மனைக்குள் அளந்து பார்ப்பதும் போதாது. பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் சேரும். இடைவெளி கிடைக்காத இடங்களில், பாதாளச் சாக்கடை இருந்தால் அதனுடன் இணைத்துக்கொள்வதே முறையாகும். இல்லையெனில் அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்தாமல் இருப்பதும், நீரை ஆய்வகத்தில் சோதிப்பதும் இன்றியமையாதவை. கழிவுநீரால் கிணற்றில் நைட்ரேட்டு அளவு உயரலாம். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. ஆகும். இது மிகும்போது கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிசனை எடுத்துச் செல்லும் திறன் குறைகிறது. நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியுமே தவிர நைட்ரேட்டு நீங்காது.

மழைநீர் சேகரிப்புக் குழியும் உறிஞ்சுகுழியும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால், இட நெருக்கடியில் இரண்டும் அருகருகே தோண்டப்படுவதுண்டு. இது தவறான முறையாகும். மழைநீர்க் குழி நீரை விரைவாக நிலத்தடிக்கு அனுப்புவதற்காக அமைவது. அருகிலுள்ள கழிவுநீரையும் அது தன்னுடன் கீழே கொண்டு செல்லும். இயன்றவரை இரண்டையும் மனையின் எதிரெதிர் முனைகளில் அமைத்தல் வேண்டும்.

மண் சோதனை

தோட்டத் திட்டம் வரையும் முன் மண் நீரை இழுக்கும் வேகத்தை அறிதல் நல்லது. உறிஞ்சு நிலம் அமையவுள்ள இடத்தில், அதே ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, அடியில் சிறிது சரளை இட்டு, இரவு முழுவதும் நீரால் ஊற விட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் ஊற்றி, நீர்மட்டம் 25 மி.மீ. இறங்குவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்க வேண்டும்.

- 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி அல்லது கசிவு அகழி பொருந்தும்.
- 30 முதல் 60 நிமிடம் வரை ஆனால் நீண்டு பரந்த கசிவு அகழி பொருந்தும்.
- 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் மண்ணுக்குள் விடும் முறை பொருந்தாது. தரைமட்டத்துக்கு மேல் அமையும் வடிகட்டி முறைகளை நாட வேண்டும்.

நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் இருக்கும் இடங்களில், நீர் நன்கு இறங்கும் மண்ணாக இருப்பினும், கசிவு அகழியைத் தரைக்கு மேல் மேடாக அமைக்க ஐ.எசு. 2470 கூறுகிறது. இத்தகைய மணல்மேட்டு முறை அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் 1970களில் விரிவாக வளர்த்தெடுக்கப்பட்டது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இந்த மேடே தோட்டத்தின் முதன்மை வடிவமாக அமையலாம். சரிவுகளில் புல் வளர்த்தால் மண் அரிக்காது. நிலத்தடி நீர்மட்டத்தைக் கோடையில் அளந்து முடிவு செய்தல் கூடாது; பருவமழையின் முடிவில் அளத்தல் வேண்டும்.

தோட்டத்தின் பகுதிகள்

தொட்டியின் மேற்பகுதி

தொட்டியின் மூடி எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படியும், ஒரே நாளில் எவரையும் அழைத்துத் திறக்கும்படியும் இருத்தல் வேண்டும். மூடியின் மீது தரைஓடு பதித்தல், பேவர் கற்களைச் சிமெண்டால் ஒட்டுதல், துளசி மாடம் கட்டுதல், மண் கொட்டிப் பூப்பாத்தி அமைத்தல் ஆகியவை பரவலாகக் காணப்படும் பிழைகளாகும். மூடி எங்கே உள்ளது என்பது சில ஆண்டுகளில் மறந்துபோகிறது. வீடு கைமாறினால் புதியவருக்கு அது தெரிவதே இல்லை. தொட்டி நிரம்பி வழியும் நாளில் தரையை உடைத்துத் தேட நேரிடுகிறது.

மூடியைச் சுற்றி ஏறத்தாழ அரை மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் பரப்பி, ஒருவர் தனியாகத் தூக்கி நகர்த்தக்கூடிய சிறு தொட்டிச் செடிகளை அதன் ஓரத்தில் வைக்கலாம். மூடி குழந்தைகளால் தூக்க முடியாத எடையும் விரிசலற்ற உறுதியும் கொண்டிருத்தல் வேண்டும். முன்புற வண்டி நிறுத்துமிடத்தின் கீழ் தொட்டி அமைந்திருந்தால், மூடுதளம் வண்டியின் எடையைத் தாங்குமாறு கட்டப்பட்டதா என்பதை உறுதி செய்தல் வேண்டும். மனிதர் நடப்பதற்கென வார்க்கப்பட்ட தளம் மகிழுந்தின் எடையைத் தாங்காது.

கழிவுநீர் உறிஞ்சும் லாரி தெருவில் நிற்குமிடத்திலிருந்து மூடி வரை குழாயை இழுத்து வர ஒரு நேர்வழி தேவை. தோட்டத்தின் நடைபாதையை இவ்வழியிலேயே அமைத்துவிட்டால் தனி இடம் தேவைப்படாது.

உறிஞ்சு நிலத்தின் மேற்பகுதி

கசிவு அகழிகளின் மேல் ஆழமற்ற வேருடைய புல்லே மிகவும் ஏற்றது. புல் மண்ணைப் பிடித்து வைப்பதுடன், நீரின் ஒரு பகுதியை இலைகள் வழியாக ஆவியாக்கி வெளியேற்றுகிறது. இந்நிலத்தில் செய்யத்தகாதவை பின்வருமாறு:

- வண்டி நிறுத்துதல், செங்கல், மணல் போன்ற கனமான பொருட்களைக் குவித்தல்.
- சிமெண்டுத் தளம் இடுதல், நெகிழித் தாள் விரித்து அதன்மேல் சரளை பரப்புதல்.
- அழகுக்காக மண்ணைக் கொட்டி உயர்த்துதல். மேல்மண் தடிக்கும்போது அகழிக்குக் காற்று செல்வது குறைகிறது.
- தெளிப்பான் வைத்து நீர் பாய்ச்சுதல். இந்நிலம் ஏற்கெனவே நீர் ஏற்பதற்கென உள்ளது. கூடுதல் நீர் அதன் திறனைக் குறைக்கும்.
- கடப்பாரை, மண்வெட்டியால் ஆழமாகக் கிளறுதல்.

உறிஞ்சு நிலத்தின் விளிம்பு

உறிஞ்சு நிலத்தின் ஓரங்களில் நீரை மிகுதியாக எடுக்கும் மென்தண்டுச் செடிகளை வளர்க்கலாம். பெருமரங்கள் இருக்க வேண்டிய இடம் இதற்கும் அப்பால் ஆகும். மரம் முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம் வளருமோ ஏறக்குறைய அவ்வளவு தொலைவு விடுவது பாதுகாப்பான பொது விதியாகக் கொள்ளப்படுகிறது. சிறிய மனைகளில் இதன் பொருள், பெருமரம் இல்லாத தோட்டம் என்பதே ஆகும்.

ஏற்ற செடிகள்

- அறுகம்புல்: வெயிலையும் ஓரளவு உப்பையும் தாங்கும், அடர்ந்து பரவி மண்ணைக் காக்கும்.
- கல்வாழை: ஈரத்தை விரும்பும், வெயிலில் ஆண்டு முழுவதும் பூக்கும். உறிஞ்சு நிலத்தின் விளிம்புக்கு ஏற்றது.
- வாழை: ஆழமற்ற நார்வேர் கொண்டது, மிகுதியான நீரை எடுக்கும். குழாய்களிலிருந்து சற்றுத் தள்ளி நடலாம். பக்கக்கன்றுகளை அவ்வப்போது நீக்குதல் வேண்டும். புயல் காற்றில் எளிதில் சாயும்.
- வெட்டிவேர்: இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக 2 முதல் 3 மீட்டர் வரை இறங்கும். சரிவுகளையும் வரப்புகளையும் காக்கச் சிறந்தது. குழாய்களுக்கு நேர் மேலே நடுதல் கூடாது.
- கனகாம்பரம், நித்தியகல்யாணி, மேசை ரோசா போன்ற சிறு பூச்செடிகள்: உறிஞ்சு நிலத்தின் மேலேயே வளர்க்கத்தக்கவை. நித்தியகல்யாணி வறட்சியையும் தாங்கும். நடும்போதும் களை எடுக்கும்போதும் கையுறை அணிதல் நல்லது.

தவிர்க்க வேண்டிய மரங்கள்

ஆல், அரசு, அத்தி ஆகிய மூன்றும் மிகுந்த தீங்கு விளைவிப்பவை. இவற்றை எவரும் நடாவிட்டாலும், பறவைகளின் எச்சத்தில் வரும் விதைகள் சுவர் வெடிப்பிலும், மூடுதளத்தின் இடுக்கிலும், காற்றுப்போக்கிக் குழாயின் அடியிலும் முளைக்கின்றன. விரல் அளவு உள்ளபோதே வேருடன் நீக்காவிட்டால் வெடிப்பு அகன்று தொட்டி கசியத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழை முடிந்தபின், இவற்றைத் தேடிப் பார்த்தல் தோட்டப் பராமரிப்பின் ஒரு பகுதியாகும்.

வேம்பு, மா, பலா, நாவல், புங்கம், மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி, மூங்கில் ஆகியவையும் தொட்டிக்கு அருகில் வேண்டாதவை. காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா, பிரெஞ்சுக் கடலோடி போகன்வில்லின் பெயரைத் தாங்கியது. புதுச்சேரியின் மதில்களில் எங்கும் காணப்படுவது. அது முதிர்ந்தபின் கட்டையான வேர் விடுவதால், மதிலோரத்திலோ பெரிய தொட்டியிலோ வளர்ப்பது ஏற்றது.

தென்னை பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. அதன் வேர்கள் நார்வேர்கள். பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டர் ஆரத்துக்குள் அமைகிறது. ஆலின் வேரைப்போல் அவை தடித்துச் சுவரைப் பிளப்பதில்லை. ஆனால் குழாய் இணைப்புகளில் உள்ள சிறு இடைவெளி வழியாக நுழைந்து, உள்ளே நார்க்கற்றையாகப் பெருகி நீரோட்டத்தை அடைக்கக்கூடும். மேலும் மூடியின் மீது மட்டையும் காயும் விழும் இடரும் உள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் இப்பகுதியில் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. வேரோடு சாயும் மரம் தன் அடியில் உள்ள குழாயையும் பெயர்த்தெடுக்கும் என்பதையும் கருதுதல் வேண்டும்.

உணவுப் பயிர்கள்

உறிஞ்சு நிலத்தின் மீது கீரை, முள்ளங்கி, கிழங்கு வகைகள், தரையில் படரும் காய்கள் ஆகியவற்றைப் பயிரிடுதல் கூடாது. உருளைப்புழு முதலிய குடற்புழுக்களின் முட்டைகள் மண்ணில் பல மாதங்களும், சில சூழல்களில் ஆண்டுக்கணக்கிலும் உயிருடன் இருக்கும். பச்சையாக உண்ணும் கறிவேப்பிலை, கொத்துமல்லி, புதினா ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். வாழையின் காய் மண்ணிலிருந்து உயரத்தில், தடித்த தோலுக்குள் அமைவதால் இடர் குறைவு. எனினும் தரையில் விழுந்த பழத்தை உண்ணலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த கசடை நேரடியாக உரமாக இடுவதும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டியதாகும்.

காய்கறித் தோட்டம் விரும்புவோர் மாடியில் அமைக்கலாம். அல்லது குளியல், துணி துவைக்கும் நீரைத் தனிக் குழாயில் பிரித்து, கழிப்பறை நீருடன் கலக்காமல் வாழைப் பாத்திக்கு விடலாம். சலவைத்தூளில் உள்ள சோடியம் களிமண்ணை இறுகச் செய்யும் என்பதால், பாத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் நல்லது.

மழைக்காலம்

புதுச்சேரியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது 24 மணி நேரத்தில் 46 செ.மீ. அளவுக்கு மழை பதிவாகியது. இத்தகைய நாட்களில் உறிஞ்சு நிலம் நிறைந்து, நீர் தொட்டிக்கும் அங்கிருந்து கழிப்பறைக்கும் எதிர்த்து வரக்கூடும்.

இதனைக் குறைக்க, கூரை நீர் உறிஞ்சு நிலத்தின் மீது விழாதபடி குழாய்களைத் திருப்புதல் வேண்டும். நிலத்தின் மேற்புறத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு எழுப்பி, அதில் வெட்டிவேர் நடலாம். மூடியின் விளிம்பு சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்ந்திருப்பின் மழைநீர் தொட்டிக்குள் புகாது. தெருவை உயர்த்திப் புதிய சாலை போடப்பட்ட இடங்களில் பழைய வீடுகளின் மூடி தாழ்ந்துவிடுவதால், அதனையும் உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளம் சூழ்ந்த நிலையில் தொட்டியை முழுவதும் காலி செய்தல் இடர் மிக்கது. நீரில் ஊறிய மண்ணில் வெற்றுத் தொட்டி, குறிப்பாக நெகிழித் தொட்டி, மேலே மிதந்தெழுந்து குழாய்களை முறிக்கும். அந்நாட்களில் வீட்டு நீர்ப் பயன்பாட்டைக் குறைத்து, வெள்ளம் வடிந்தபின் தூய்மை செய்வதே முறையாகும்.

கொசு

கியூலெக்சு வகைக் கொசு கழிவுநீர்த் தொட்டிகளில் பெருகி, யானைக்கால் நோயைப் பரப்புகிறது. 1975 இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இந்நகரில் யானைக்கால் நோய்க்கு எதிராக ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமல் ஆக்குதல் அதன் முக்கிய வழிகளுள் ஒன்றாகும்.

வீட்டளவில் இதற்கு இரு செயல்கள் போதும். காற்றுப்போக்கிக் குழாயின் வலை கிழியும்போது மாற்றுதல் ஒன்று; மூடியின் விளிம்பு இடைவெளிகளை எளிதில் பெயர்க்கக்கூடிய சுண்ணாம்புக் கலவையால் அடைத்தல் மற்றொன்று. குழாயின் மீது கொடி படரவிட்டால் வலையின் நிலை தெரியாது. ஆகவே கொடியை வேறிடத்தில் ஏற்றுவது நல்லது. பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நல்ல நீரில் டெங்கு பரப்பும் ஏடிசு கொசு வளரும் என்பதால், மூடியருகே வைக்கும் தொட்டிகளுக்கு அடித்தட்டு தேவையில்லை.

நச்சு வாயுக்களும் மனித உயிரும்

தொட்டிக்குள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஐதரசன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உருவாகின்றன. ஐதரசன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் தரும். அளவு மிகும்போது மூக்கின் நுகரும் ஆற்றலையே முடக்கிவிடுவதால், நாற்றம் இல்லாமை பாதுகாப்பின் அடையாளம் ஆகாது. மீத்தேன் தீப்பற்றக்கூடியது, திறந்த தொட்டியருகே தீக்குச்சி, விளக்கு கொண்டு செல்லலாகாது.

2024 சூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் வந்த நச்சு வாயுவால் ஒரு சிறுமி உட்பட மூவர் உயிரிழந்தனர். இது தனி வீட்டுத் தொட்டியால் நேர்ந்தது அன்று. ஆயினும் கழிப்பறைக் குழாயில் உள்ள வளைவின் நீரடைப்பும், வாயு வெளியேறும் காற்றுப்போக்கியும் எல்லா வீடுகளுக்கும் எத்துணை இன்றியமையாதவை என்பதை அது காட்டுகிறது. காற்றுப்போக்கியைப் பார்வைக்கு அழகில்லை என்று குட்டையாக வெட்டுவதும் அடைப்பதும் ஆபத்தானவை.

தொட்டி 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தூய்மை செய்யப்பட வேண்டும். மூடி மறைந்துபோன வீடுகளில் இது தள்ளிப்போகிறது. கசடு இறுகியபின் லாரிக் குழாயால் உறிஞ்ச முடிவதில்லை. அப்போதுதான் ஒரு மனிதரை உள்ளே இறக்கும் எண்ணம் எழுகிறது. இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணிக்கு அமர்த்தத் தடைச் சட்டம், கழிவுநீர்த் தொட்டியையும் சாக்கடையையும் பாதுகாப்பின்றி மனிதரைக் கொண்டு தூய்மை செய்வதைக் குற்றமாக்கியுள்ளது. வீட்டு உரிமையாளருக்கும் இச்சட்டம் பொருந்தும். இத்தகைய பணியில் இறந்தோரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சு 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று வழங்கிய தீர்ப்பில் இத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எந்தக் காரணத்துக்காகவும் எவரும் தொட்டிக்குள் இறங்கலாகாது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி இருவரும் இறப்பதே பல நேர்வுகளில் நிகழ்ந்துள்ளது. தீயணைப்புத் துறையை அழைத்தல் வேண்டும்.

எளிதில் திறக்கக்கூடிய மூடி உரிய காலத்துத் தூய்மையைத் தூண்டுகிறது. உரிய காலத்துத் தூய்மை இயந்திரத்தாலேயே முடிகிறது. தோட்ட அமைப்பில் மூடிக்கு முதலிடம் தரப்படுவது இதனால்தான். தொட்டி, குழாய், உறிஞ்சுகுழி ஆகியவற்றின் வரைபடத்தை, வீட்டின் இரு மூலைகளிலிருந்து அளந்த தொலைவுடன், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருத்தல் நல்ல வழக்கம். தூய்மை செய்த நாளையும் அதிலேயே குறித்து வரலாம்.

செடிப் படுகை முறை

தோட்டமே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையும் உண்டு. தொட்டியிலிருந்து வரும் நீர், நீர் கசியாத ஆழமற்ற சரளைப் படுகையின் ஊடே கிடையாகச் செல்கிறது. படுகையில் நாணல், சம்பு, கல்வாழை போன்றவை நடப்படும். நீர்மட்டம் சரளைக்குக் கீழேயே இருப்பதால் நாற்றமும் கொசுவும் பெரும்பாலும் இல்லை. வேர்களையும் சரளையையும் பற்றியுள்ள நுண்ணுயிர்கள் மாசுகளைச் சிதைக்கின்றன.

புதுச்சேரிக்கு அருகே 1968 இல் தோற்றுவிக்கப்பட்ட ஆரோவில்லில் இத்தகைய பரவலாக்கப்பட்ட முறைகள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. அங்குள்ள அறிவியல் ஆய்வு மையம் இவற்றை வடிவமைப்பதில் ஈடுபட்டுள்ளது. நகருக்குத் தெற்கே தவளக்குப்பத்தில் 2003 இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில், படிவுத் தொட்டி, தடுப்பறைகள் கொண்ட காற்றில்லாத் தொட்டி, செடிப் படுகை, திறந்த குளம் என்னும் வரிசையில் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு வளாகத் தோட்டத்துக்குப் பயன்படுகிறது. வீட்டளவில் இம்முறையை மேற்கொள்வோர், முதலில் நன்கு இயங்கும் தொட்டி தேவை என்பதை மறத்தல் கூடாது. கசடு படுகைக்குள் சென்றால் சரளை அடைபட்டு முழுவதையும் மாற்ற நேரிடும். செடிகளை அவ்வப்போது கத்தரிப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரளையைக் கழுவுவதும் தேவைப்படும்.

பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் பின்

புதுச்சேரியில் லாசுப்பேட்டை, கனகனேரி, துப்ராயப்பேட்டை ஆகிய இடங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. பாதாளச் சாக்கடை ஒரு தெருவுக்கு வந்தபின் வீட்டுத் தொட்டி தேவையற்றதாகிறது. அதனை அப்படியே மூடி அதன்மேல் தோட்டம் அமைப்பது இடர் தரும். காலப்போக்கில் மூடுதளம் வலுவிழந்து உள்ளே இடிந்து விழலாம். தொட்டியை லாரியால் முழுமையாகக் காலி செய்து, சுண்ணாம்பு தூவி, நீர் தேங்காதபடி அடித்தளத்தை வெளியிலிருந்தே இயந்திரத்தால் துளைத்து, மூடுதளத்தை நீக்கி, மணலும் மண்ணும் இட்டு அடுக்கடுக்காக இறுக்கி நிரப்புதல் வேண்டும். ஒரு பருவமழைக்குப் பின் மண் அமிழ்ந்த அளவுக்கு மீண்டும் நிரப்பியபின், அவ்விடத்தில் வேறு எந்தத் தோட்டத்தையும்போல் செடிகள் நடலாம். ஆழமாக வேர்விடும் மரத்தை நடும் உரிமை அந்நிலத்துக்கு அப்போதுதான் கிடைக்கிறது.